திருப்பிச் சொல்ல ஆள் வேண்டும்

போன வாரம் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் இப்போது லைன்மேன்கள். நான் கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக வேலை பார்த்தபோது என் கூட ஏணி தூக்கியவர்கள்.

"அண்ணே, இனிமே லைன் கிளியர் வாங்கறது, திருப்பறது எல்லாம் செல்லுல பட்டன அமுக்கித்தானாம். புதுசா ஆப்பு வருது. எங்களுக்கெல்லாம் வாட்சப்பு சொல்லிக் குடுத்ததே நீங்கதான். சங்கத்து மலருக்கு உங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்றார்கள்.

"எங்கிட்ட அனுபவம் இன்னாடா இருக்குது, பயந்த கதைதான் இருக்குது" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எனக்கு எழுத வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் வழி தவறிப் போகும்போதெல்லாம் பேனாவால் மேசையில் தட்டுகிறாள். இதுவரை இரண்டு முறை தட்டிவிட்டாள்.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் வல்லம் பக்கம். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை எடுத்துக்கொண்டிருந்தவனை, கம்பம் நடக் குழி தோண்ட ஆள் வேண்டும் என்று கூட்டிப் போனார்கள். தோண்டத் தொடங்கியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. வேலை நிரந்தரம் ஆனபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நடுவில் தோண்டிய குழிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பஸ்ஸில் போனால், ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் கம்பத்தின் அடியில் பாறை இருந்தது, எதில் தண்ணீர் ஊறியது என்று இன்றைக்கும் சொல்வேன். கூட வருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள்.

அந்தக் காலத்து ஃபோர்மேன் ஒருவரிடம் கற்றது ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். கம்பத்தில் ஏறுகிறவன் செருப்பை அடியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். வேலை முடிந்ததும் ஃபோர்மேன் மேலே பார்க்கவே மாட்டார். குனிந்து கம்பத்தடியைப் பார்ப்பார். ஆளில்லாத செருப்பு ஒன்று கிடந்தாலும், "யாருதுடா இது?" என்று கத்துவார். செருப்புக் கிடந்தால் ஆள் மேலே இருக்கிறான் என்று அர்த்தம். ஏன் இந்தப் பழக்கம் என்று ஒரு முறை கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

லைன் கிளியர் என்றால் என்ன என்று, இதைப் படிக்கும் வீட்டுப் பெண்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் ஏறும் முன் துணை மின் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரைக் கேட்பேன். அவர் அந்த லைனை நிறுத்துவார். சுவிட்சில் என் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார். எனக்கு ஒரு நம்பர் சொல்வார். அந்த நம்பர் என்னிடம் இருக்கும்வரை யார் வந்து கேட்டாலும் அவர் கரண்ட் போடக் கூடாது. நான் கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்து, எர்த் கம்பியின் ஒரு முனையை மண்ணில் அடித்து, மறுமுனையை லைனில் மாட்டுவேன். தப்பித் தவறிக் கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் ஆள் ஏறுவான். வேலை முடிந்ததும் எல்லாரையும் இறக்கி, செருப்பை எண்ணி, எர்த்தைக் கழற்றி, நம்பரைத் திருப்பிக் கொடுப்பேன். வாங்கியவனேதான் திருப்ப வேண்டும். நான் சொல்வதை ஆபரேட்டர் அப்படியே திருப்பிச் சொல்வார். நான் "ஆமா" என்பேன். அந்த ஆமாவுக்குப் பிறகுதான் அவர் கை பொத்தானுக்குப் போகும்.

எங்கள் ஆபரேட்டர் பஷீர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பி எல்லாரும் வெளிநாட்டில். "எங்க வூட்டுல எல்லாரும் துபாய்ல ஏசில உக்காந்துகினு இருக்கானுங்க. நான் ஒருத்தன்தான் உன் கொரலக் கேட்டுக்கினு இங்க வேர்க்கறேன்" என்பார். அவரிடம் லைன் கிளியர் திருப்பும்போது வெறுமனே "சரி" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "சரின்னா இன்னா சரி? ஆமான்னு சொல்லு" என்று அதட்டுவார்.

எங்களுக்குப் புதிதாக உதவிப் பொறியாளராக ஒரு மேடம் வந்தார்கள். பெயர் தமிழரசி. சின்ன வயது. உரக்கப் பேசவே தெரியாது. நம்மிடம் கேள்வி கேட்கும் முன் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார்கள். திட்டுகிற அதிகாரியிடம் எனக்குப் பயமில்லை, திட்டு முடிந்தால் டீ குடிக்கப் போகலாம். இந்த மேடம் நாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதில்தான் பயம்.

மேடம் வந்த சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கம்பி அறுந்தால், மரம் சாய்ந்தால், எல்லாவற்றையும் வாட்சப் குழுவில் படத்தோடு போட வேண்டும். பாதிப் பேருக்குச் செல்லில் பேச மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் ஓரளவு பழக்கம் உண்டு, அதற்குக் காரணம் என் மகள்தான். (தட்டாதே, உண்மையைத்தானே சொல்கிறேன்.) எழுத்துச் சரளமாக வராததால் படத்தைப் பார்த்தே அமுக்குவேன். மைக் படத்தை அமுக்கிப் பேசி, விரலை எடுத்தால் குரல் குழுவுக்குப் போய்விடும். ஒரு மழை நாளில் புளியமரம் லைனில் சாய்ந்ததைப் படம் பிடித்து, குரலும் சேர்த்துப் போட்டேன். மறுநாள் மேடம் கூப்பிட்டார்கள். பேனாவை மூடினார்கள்.

"படிச்சவங்க சொல்லிக் குடுத்தா இவங்க பயப்படறாங்க. நீங்க சொல்லிக் குடுக்கறீங்களா?"

"மேடம், எனக்கே எழுத்துத் தெரியாதே."

"அதனாலதான் கேக்கறேன்."

இப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். விழுப்புரத்தில் ஆபீஸ் மாடியிலும், திண்டிவனத்தில் கம்பம் அடுக்கி வைக்கும் ஷெட்டிலும் வகுப்பு. கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்கிறவர்கள், செல்லைக் கையில் கொடுத்தால் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்தார்கள்.

"அண்ணே, தப்பா அமுக்கிட்டா கலெக்டருக்குப் போயிடுமா?"

"கலெக்டருக்கு உன் மூஞ்சியப் பாக்கறதுதான் வேலையா? போவாது, அமுக்கு."

இன்னொருவர் மைக்கை அமுக்கியபடி கையை எடுக்க மறந்துவிட்டார். அவர் வீட்டம்மா மல்லாட்டை காயவைக்க வராததற்கு அவரைத் திட்டிய திட்டு முழுக்கக் குழுவில் ஏறியது. அதற்கப்புறம் ஒரு மாதம் அவரைப் பார்த்தால் எல்லாரும் "கொட்ட காஞ்சிதா மாமா?" என்றுதான் கேட்டோம்.

திண்டிவனத்தில் ஒரு வயதான ஒயர்மேன் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "நான் பேசறது எத்தினி நாளு உள்ள இருக்கும்?"

"நீங்க அழிக்கற வரைக்கும் இருக்கும்."

"அழிச்சிட்டா?"

"கொஞ்ச நேரத்துக்குள்ள அழிச்சா எல்லாரு செல்லுலயும் போயிடும்."

"கேட்டவன் காதுல?"

நான் அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

மேடம் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: படம் போடுவது, குரல் போடுவது, தகவல் சொல்வது. லைன் கிளியரைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. நான்தான் பேசினேன். எங்கள் பக்கம் பல இடத்தில் சிக்னல் கிடையாது, ஃபோன் பாதியில் அறுந்துபோகும். வாத்தியார் வேலை தலைக்கேறியிருந்த நேரம். இரண்டு ஊரிலும் எழுந்து நின்று சொன்னேன். "ரிங்கு போவலன்னா பேஜாரு வாணாம். லைன் கிளியர் திருப்பறத வாய்ஸ்ல போட்டுட்டு அடுத்த வேலையப் பாருங்க. பேசினா பேசினதுதான்."

கை தட்டினார்கள். 

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது அது நடந்தது.

பனமலைக்கு அந்தப் பக்கம், மலை மறைப்பில், வயலுக்கு நடுவே ஓடும் லைன். ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் வெடித்திருந்தது. நானும் ஒயர்மேன் ஏழுமலையும் போனோம். ஏழுமலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பேச்சு நிற்காது. கம்பத்தின் மேலிருந்தும் பேசிக்கொண்டே இருப்பான். ஏரிக்கரையில் சிக்னல் உண்டு, அங்கே நின்று பஷீர் பாயிடம் நம்பர் வாங்கினேன். கீழே இறங்கி வயலுக்கு வந்தால் செல் செத்துவிடும்.

இன்சுலேட்டரை மாற்றினோம். ஏழுமலை இறங்கினான், செருப்பைப் போட்டான். அவன் செருப்பைப் பார்த்தேன், என் செருப்பைப் பார்த்தேன். எர்த் கம்பியைக் கழற்றி வண்டியில் வைத்தேன். ஏரிக்கரை நாலு வயல் தள்ளி இருந்தது. வெயில். பாயும் இருக்கிற வாட்சப் குழுவில் மைக் படத்தை அமுக்கி, நின்ற இடத்திலேயே சொன்னேன். நம்பர் சொன்னேன், என் பெயர் சொன்னேன், "ஆளுங்க எல்லாரும் கீழ, எர்த் எடுத்தாச்சி, லைன் கிளியர் ரிட்டர்ன், கரண்ட் போடலாம்" என்றேன். விட்டேன். பக்கத்தில் கடிகாரப் படம் வந்து நின்றது. அந்தப் படம் இருந்தால் போகவில்லை என்று அர்த்தம்.

"போவலண்ணே, கரைக்குப் போனாத்தான் போவும்" என்றான் ஏழுமலை. பிறகு மேலே பார்த்தான். "அடச்சே, அந்தக் கம்பிக் கட்டு சரியா முறுக்கல. நாளைக்கே காத்துல அவுந்துக்கும். ரெண்டு நிமிஷம், ஏறிட்டு வந்துடறேன்."

"எர்த் வண்டியில இருக்குதுடா."

"நம்பரு உங்கிட்டதான இருக்குது? வாய்ஸும் போவல. அப்புறம் இன்னா?"

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. வாய்ஸ் போகவில்லை, அதனால் நம்பர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தலையாட்டினேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். நான் சும்மா நிற்க வேண்டாமென்று, அவன் இறங்குவதற்குள் கரைக்குப் போய்விடலாம், இறங்கியதும் பாயிடம் பேசிவிடலாம் என்று நடந்தேன். செல் சட்டைப் பையில் இருந்தது.

கரையின் மேலே ஏறி நின்றேன். காற்று நன்றாக இருந்தது. பையில் சின்னதாக ஒரு சத்தம்.

என்ன என்று எடுத்துப் பார்த்தேன். கடிகாரப் படம் இல்லை. டிக் விழுந்திருந்தது, குரல் போய்விட்டது. நான் சுமந்துகொண்டு வந்து, என் காலாலேயே நடந்து வந்து, அந்தக் குரலை அனுப்பியிருக்கிறேன். ஆளுங்க எல்லாரும் கீழே, கரண்ட் போடலாம் என்று பாய் காதில் இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஏழுமலை கம்பத்தின் உச்சியில் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கிறான்.

பாய்க்கு ஃபோன் போட்டேன். வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடியும் போட்டேன். அதே பேச்சு. கம்பத்துக்கு ஓடலாம் என்றால், நாலு வயல் ஓட வேண்டும், கரையை விட்டு இறங்கினால் செல் செத்துவிடும். கரையில் நிற்கலாம் என்றால், அவனுக்கு எப்படிச் சொல்வது? "ஏழுமல, எறங்குடா!" என்று கத்தினேன். பக்கத்து வயலில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் வீசினேன். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைக் கூப்பிட்டு விளையாடுவதாக நினைத்து, அவனும் ஒரு கையை எடுத்து ஆட்டினான்.

அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் ஆடுகிறது.

மூன்றாம் முறை போட்டேன், அதே பேச்சு. அவன் சம்சாரத்தின் முகம் வந்தது. அவன் செருப்பு கம்பத்தடியில் கறுப்பாக இரண்டு புள்ளி மாதிரி கிடந்தது, அவ்வளவு தூரத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஃபோன் போடுவதை நிறுத்திவிட்டு இறங்கி ஓடலாம் என்று ஒரு அடி வைத்தேன். செல் கையிலேயே அடித்தது.

"டேய், யாரோட பேசிக்கினு இருக்க? எத்தினி வாட்டி போடறது உனக்கு?" பஷீர் பாய்.

"பாய், போடாத! போடாத பாய்! ஆள் மேல இருக்கான்!"

பாய் மெதுவாகச் சொன்னார். "போடல. திருப்பிச் சொல்லலாம்னு உன்னக் கூப்புட்டேன், பிஸின்னு வருது. நீ ஆமா சொல்லாம நான் எப்பிடிடா போடுவேன்?"

நான் அவரைக் கூப்பிட, அவர் என்னைக் கூப்பிட, இரண்டு பேருக்கும் லைன் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. பாய் கொஞ்சம் சோம்பேறியாகவோ, கொஞ்சம் சுறுசுறுப்பாகவோ இருந்திருந்தால் வேறு நடந்திருக்கும். கரண்ட் எப்போது வரும் என்று நாலு ஊரிலிருந்து அவரைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

கம்பத்தடிக்கு வந்தேன். ஏழுமலை இறங்கியிருந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"இன்னாண்ணே, கை இப்பிடி நடுங்குது?"

"வெயிலுடா."

அவன் குடித்துவிட்டு, முறுக்கிய கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். கரைக்கு வந்து, பாய் திருப்பிச் சொல்ல, ஆமா சொல்லி நம்பரைத் திருப்பினேன்.

வாய்ஸ் குழுவில் இருந்தது. அழித்துவிட்டால் பாயைத் தவிர யாருக்கும் தெரியாது, அழிப்பது எப்படி என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். விரலை அதன் மேல் வைத்தேன். எட்டு மாதம்தான் இருக்கிறது, கெட்ட பெயரில்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம். அப்போதுதான் எனக்கு அந்த ஷெட் நினைவுக்கு வந்தது. திண்டிவனத்தில் முப்பது பேர், விழுப்புரத்தில் முப்பது பேர். பேசினா பேசினதுதான் என்று நான் சொன்னதைக் கேட்டுக் கை தட்டியவர்கள். இந்த நிமிஷம் எந்த வயலில் எவன் பையில் எந்தக் குரல் கடிகாரப் படத்தோடு நடந்துகொண்டிருக்கிறதோ. விரலை எடுத்துவிட்டேன்.

நேராக மேடத்திடம் போனேன். பேனாவை மூடினார்கள். வாய்ஸைப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டார்கள்.

"இதப் பேசறப்ப எர்த் எங்க இருந்துச்சு?"

"வண்டியில மேடம்."

"ஏழுமலை?"

"பேசறப்ப கீழ. போய்ச் சேர்றப்ப மேல."

மூடிய பேனாவைத் திறந்து, என் மேல் மெமோவை அவர்களே எழுதினார்கள். எனக்குச் சரளமாகப் படிக்க வராது என்பதால் அவர்களே வாசித்தார்கள். முடித்துவிட்டு, "என்ன எழுதியிருக்கேன்னு திருப்பிச் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். கவனக்குறைவு என்று ஒரு சொல் இருந்தது. அதையும் சொன்னேன்.

"அடுத்த கிளாஸ் எப்ப?"

"வியாழக்கெழம, திண்டிவனம்."

"அதுக்குள்ள எல்லாருக்கும் நானே ஃபோன் பண்ணிடறேன், வாய்ஸ்ல லைன் கிளியர் கூடாதுன்னு. நீங்க வியாழக்கிழமை அங்க இத எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க. ஏழுமலையும் வரட்டும்."

வியாழக்கிழமை வரை நான் தூங்கவில்லை. ஷெட்டில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஏழுமலை பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் வாய்ஸைப் போட்டேன். என் குரல், நல்ல கம்பீரமாக, ஆளுங்க எல்லாரும் கீழ, கரண்ட் போடலாம் என்றது. "இது பாய்க்குப் போய்ச் சேர்றப்ப இவன் மேல இருந்தான்" என்று ஏழுமலையைக் காட்டினேன். "நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது தப்பு. திருப்பிச் சொல்ல ஆள் இல்லாத பேச்சுல லைன் கிளியர் குடுக்காதீங்க."

எத்தனை நாள் உள்ளே இருக்கும் என்று கேட்ட அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை எழுந்தான்.

"வெயிலுன்னு சொன்னியே அண்ணே" என்றான்.

வெளியே போய், கம்பங்கள் அடுக்கியிருந்த இடத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு அதிகம் பேசவில்லை. கம்பத்தின் மேலிருந்து பேசுவதையும் விட்டுவிட்டான். ஏறும் முன் மட்டும் ஒரு கேள்வி கேட்பான். "நம்பரு யாருகிட்ட இருக்குது?" என்னிடம் இருக்குது என்பேன். "எர்த்து?" அடிச்சாச்சி என்பேன். போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். எட்டு மாதமும் அப்படித்தான். எனக்கு அது வலித்தது. ஆனால் அவன் கேட்காமல் ஏறிய நாள் ஒன்றிருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

நான் ஓய்வு பெற்று ஒரு வாரம் கழித்து, மத்தியானம் செல் அடித்தது. ஏழுமலை. அவன் லைன்மேன் ஆகிவிட்டான், இப்போது நம்பர் வாங்குகிறவன் அவன்தான். எப்படி இருக்கிறாய் என்று கூடக் கேட்கவில்லை. "அண்ணே, எல்லாரும் கீழ இருக்கோம்" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "எல்லாரும் கீழ இருக்கீங்க" என்றேன்.

"ஆமா" என்று வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து வேலை நாளெல்லாம் ஒரு மணி வாக்கில் கூப்பிடுகிறான். இது எந்த உத்தரவிலும் இல்லை. பாயிடம் முறையாகத் திருப்பிய பிறகு என்னிடம் ஒரு முறை. அவனுக்காகச் செய்கிறானா, எனக்காகச் செய்கிறானா என்று நான் கேட்டதில்லை. அந்தக் குரல் வரும்வரை நான் சாப்பிட உட்காருவதில்லை.

ஆப்பு வரட்டும், தம்பிகளா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள். பட்டனை அமுக்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து யார் திருப்பிச் சொல்வார்கள் என்று மட்டும் முதல் நாளே எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்றரை ஆகிவிட்டது. இன்னும் செல் அடிக்கவில்லை. சோறு ஆறுகிறது என்று மகள் சொல்கிறாள். பேசாமல் எழுது என்றேன். எழுத என்ன இருக்கிறது, நீ ஒன்றும் சொல்லவில்லையே என்கிறாள். உண்மைதான். கொஞ்ச நேரமாக நான் செல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிக்னல் கோடு முழுசாக இருக்கிறதா என்று அவளைப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறதாம். காற்றடிக்கிறது வெளியே.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அடித்தது.

"அண்ணே, வேல இழுத்துக்கிச்சி. எல்லாரும் கீழ இருக்கோம்."

"எல்லாரும் கீழ இருக்கீங்க" என்றேன்.

"ஆமா."

தட்டை எடுத்து வை என்று மகளிடம் சொன்னேன்.